தறிக்கு வெட்டிய தடம்

பஸ்ஸை விட்டு இறங்கியதும் எங்கள் கண்ணில் முதலில் பட்டது ஒரு தறிதான். கருமத்தம்பட்டியைத் தாண்டி உள்ளே போகும் கிளைச்சாலையில், புங்கமரத்தடியில், சிமெண்டுச் சாக்குகளைத் தைத்துப் போர்த்திக் கயிறு கட்டி அதை நிறுத்தியிருந்தார்கள். காற்றில் சாக்கு விலகிய இடத்தில் இரும்புச் சக்கரமும் அதன் பற்களும் தெரிந்தன. எங்களில் ஒருவன் அதைப் பார்த்து ரைஸ்மில் மிஷின் என்றான். பீளமேட்டில் மில் சங்குக்கு எழுந்து வளர்ந்தவள் நான். அது விசைத்தறி என்று எனக்குத் தெரிந்தது. குடோன் என்கிற தறிக்கொட்டகைக்குள் ஓட வேண்டிய தறி ரோட்டோரத்தில் ஏன் நிற்கிறது என்பதுதான் தெரியவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு தீபாவளி விடுமுறை அது. எங்கள் சபை வாலிபர் கூட்டத்தில் வருஷத்துக்கு ஒருமுறை ஊழியப் பயணம் என்று ஒன்று உண்டு. பெயர்தான் பெரிது. ஏதாவதொரு கிராமத்தில் ஒரு வாரம் தங்கி, மண் சுமந்து, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, சாயங்காலம் பாட்டுப் பாடி, கடைசி நாள் வரிசையாக நின்று போட்டோ எடுத்துக்கொண்டு ஊர் திரும்புவோம். வீட்டில் ஒரு குடம் தண்ணீர் எடுத்து வைக்கச் சொன்னால் முகத்தைத் தூக்கிக்கொள்ளும் பிள்ளைகள் எல்லாம் அங்கே போனால் மண்சட்டிக்கு அடித்துக்கொள்வோம். இதைச் சொல்லிச் சொல்லியே என் அம்மா என்னைக் கிண்டல் செய்வாள். அவள் சொன்னதில் தப்பொன்றும் இல்லை.

எங்களை அழைத்துப் போன அண்ணன் பாங்கில் வேலை பார்த்தவர். தெற்கே கடலோரத்து ஊர்க்காரர். மாற்றலாகிக் கோயம்புத்தூர் வந்து அதிக நாள் ஆகவில்லை. நேர்மை என்றால் அப்படியொரு நேர்மை. கண்டக்டர் மறந்துபோனால் கூட்டத்தில் இடித்துக்கொண்டு முன்னால் போய் டிக்கெட் கேட்டு வாங்குவார். அவர்மேல் எனக்கு இன்றுவரை கோபம் இருக்கிறது. ஆனால் கெட்டவர் என்று சொல்ல வாய் வரமாட்டேன் என்கிறது. அதுதான் தொல்லை.

நாங்கள் தங்கப் போனது ரோட்டிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஒரு காலனி. சின்னச் சின்ன வீடுகள், நடுவில் ஓடு போட்ட ஜெபவீடு ஒன்று. ரோட்டுக்கும் காலனிக்கும் நடுவில் சோளம் விதைத்த காடு. அந்தப் பக்கத்தில் மானாவாரி நிலத்தைக் காடு என்றுதான் சொல்வார்கள். காட்டின் நடுவே ஒரு வரப்பு. அதன்மேல் ஒருவர் பின் ஒருவராகத்தான் நடக்க முடியும். வரப்பும் காடும் ஒரே தோட்டத்துக்காரருடையவை. காலனி சனங்கள் காலங்காலமாக அதில் நடந்தார்கள். நடக்கலாமா என்று யாரும் கேட்டதில்லை, நடந்துகொள் என்று யாரும் சொன்னதுமில்லை. இன்னொரு வழி ஓடைக்குள் இறங்கி, கருவேல முள்ளுக்குள் புகுந்து சுற்றிக்கொண்டு போனது. மழை பெய்தால் அதுவும் ஆகாது.

தறி அந்தக் காலனியைச் சேர்ந்த ஒரு அக்காவினுடையது. முப்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லியான உடம்பு, வேகமான நடை. பல வருஷம் கருமத்தம்பட்டியில் அடுத்தவர் குடோனில் கூலிக்குத் தறி ஓட்டியவர். பிறகு இரண்டாவது பிள்ளை பிறந்து, தூரம் போகமுடியாமல், அந்தத் தோட்டத்துக்காரர் காட்டிலேயே களை வெட்டப் போய்க்கொண்டிருந்தார். கணவர் ஈரோட்டில் மஞ்சள் மண்டியில் மூட்டை தூக்குபவர். வாரக் கடைசியில் வருவார். பழைய முதலாளி புதுத் தறி வாங்கியபோது, வளர்த்த ஆடுகளை விற்று அவருடைய பழைய தறியை இந்த அக்கா வாங்கிவிட்டார். வீட்டை ஒட்டிச் சாய்ப்பு இறக்கி, தரைக்குச் சிமெண்டு போட்டு, கரண்டும் வாங்கியாயிற்று. பொங்கல் கழித்துக் கூலிக்கு நெய்யப் பாவு நூல் தருகிறேன் என்று ஒரு தறிக்காரர் வாக்குக் கொடுத்திருந்தார். தறி ஓடினால் களைவெட்டு கிடையாது, அடுத்தவர் காட்டில் குனிய வேண்டாம். தறி வந்து இறங்கிய டெம்போ அந்தப் புங்கமரம் வரைக்கும்தான் வர முடிந்தது.

நாங்கள் போனது ஜெபவீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்க. தறியின் கதையைக் கேட்டதும் அண்ணனுக்கு மனசு பொங்கிவிட்டது. சுண்ணாம்பு யார் வேண்டுமானாலும் அடிக்கலாம், நாம் தடம் போடுவோம் என்றார். வரப்பை நாலடி ஐந்தடி அகலமாக்கி, ஓடைக்கல்லும் செம்மண்ணும் கொட்டி இறுக்கிவிட்டால் மாட்டு வண்டியே போகுமே, தறி போகாதா. நாங்கள் எல்லோரும் கைதட்டினோம், நானும்தான். அந்த அக்கா சுவர் ஓரமாக நின்றிருந்தார். "நல்லதுங்க," என்றார்.

அடுத்தவர் நிலத்தில் கேட்காமல் கைவைக்கக் கூடாது என்று அண்ணன் அன்றைக்கே தோட்டத்துக்காரரைப் பார்க்கக் கிளம்பினார். எனக்கு அந்தப் பக்கத்துப் பேச்சு பழக்கம் என்று என்னையும் கூட்டிக்கொண்டார். அக்காவும் வரட்டும் என்று அவர்தான் வற்புறுத்தினார். அக்கா எங்களுக்கு நாலடி பின்னால் நடந்து வந்தார்.

தோட்டத்து வீட்டில் எங்களுக்கு நடந்த உபசாரத்தைப் போல் என் சொந்தக்காரர் வீட்டில்கூட நடந்ததில்லை. பெரியவர், வெள்ளை வேட்டி, வெற்றுடம்பின் மேல் துண்டு. "வாங்க கண்ணு, வாங்க தம்பி. வெயில்ல வந்திருக்கீங்க, முதல்ல உக்காருங்க," என்று நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டார். இளநீர் வெட்டி வந்தது. அதைக் குடித்து முடிப்பதற்குள் காப்பி வந்தது. அண்ணன் விஷயத்தைச் சொன்னார், ரொம்ப மரியாதையாக, ரொம்ப விவரமாக. எவ்வளவு அகலம், எவ்வளவு நீளம், எத்தனை சால் சோளம் போகும் என்பதுவரை.

"அது என்னுங்க பெரிய காரியம். நல்லதுக்குத்தான கேக்கறீங்க. சோளம் போனாப் போகுது. தாராளமாப் பண்ணுங்க," என்றார் பெரியவர்.

பிறகு, தறி யாருடையது என்று கேட்டார். அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. தினமும் அந்தப் புங்கமரத்தைத் தாண்டித்தான் அவர் வண்டி போகும். அண்ணன் திரும்பி, மாடு கட்டும் சாளையின் தூணருகே நின்றிருந்த அக்காவைக் காட்டினார்.

பெரியவரின் சிரிப்பு கொஞ்சமும் குறையவில்லை. "நம்ம புள்ளதான். ஏஞ்சாமி, நீயே வந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே செஞ்சு குடுத்திருக்க மாட்டனா?"

"இல்லீங்க பண்ணாடி. அவிங்களாத்தானுங்க..." என்று அக்கா இழுத்தார். அந்தப் பக்கத்தில் காட்டுக்காரரை வேலை செய்பவர்கள் பண்ணாடி என்றுதான் கூப்பிடுவார்கள். சொல்லை முடிக்காமல் அக்கா தலையைக் குனிந்துகொண்டார். அண்ணன் திரும்பும் வழி முழுவதும் சந்தோஷமாகப் பேசிக்கொண்டு வந்தார். இவ்வளவு நல்ல மனிதரிடம் ஒரு வார்த்தை கேட்பதற்கு இத்தனை நாள் ஏன் பயந்தார்கள் என்று அவருக்கு ஆச்சரியம்.

மறுநாள் காலையிலேயே வேலை தொடங்கியது. கடப்பாரையை எப்படிப் பிடிப்பது என்று எங்களில் பாதிப்பேருக்குத் தெரியாது. ஓங்கிக் குத்தினால் மண்ணில் இறங்காமல் நம் தோள்மூட்டைத்தான் அது பதம் பார்த்தது. மத்தியானத்துக்குள் உள்ளங்கையெல்லாம் கொப்புளம். ஓடையிலிருந்து கல்லைக் கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டுவந்தோம். பாட்டு வேறு. பத்தரை மணிக்குப் பண்ணாடி வீட்டிலிருந்து ஒரு தூக்குப்போசி நிறைய மோர் வந்தது, கொத்தமல்லி கிள்ளிப் போட்டு. சாயங்காலம் ஒரு சாக்குப்பை நிறைய நிலக்கடலை. எங்கள் பையன்கள் அவரைத் தெய்வமாக்கிவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் அந்த அக்கா தறிக்கு எண்ணெய் போடப் போனார். நானும் கூடப் போனேன். தினமும் களை வெட்டிவிட்டு வந்ததும் சாக்கை அவிழ்த்து, எண்ணெய்த் துணியால் சட்டங்களைத் துடைத்து, ஈரம் ஏறிய இடத்தைச் சுரண்டி, மறுபடியும் கட்டிவிட்டு வருவது அவர் வழக்கம். ஐப்பசி மழையில் இரும்பு சட்டென்று துருப் பிடித்துவிடும். பக்கத்து டீக்கடைக்காரர் ஒரு பழைய தார்ப்பாய் தருவதாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். தரவில்லை. அக்கா ஒரு பல்சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றிக் காட்டினார். சத்தமே இல்லாமல் சுற்றியது. அதைப் பார்த்தபோது அவர் முகம் இருந்த இருப்பை என்னால் சொல்ல முடியாது. தூங்கும் பிள்ளையைப் பார்ப்பது போல இருந்தது.

"இத்தனை நாள் இதை எப்படிக் கொண்டு போறதா இருந்தீங்க அக்கா?" என்று கேட்டேன்.

அவர் துடைத்துக்கொண்டே சொன்னார். "சோளம் அறுத்துப்போட்டா வெறுங்காடுங்க அம்மணி. வெறுங்காட்டுல யாரு நடந்தா என்ன, எதைத் தூக்கிட்டு நடந்தா என்ன. ஊட்டுக்காரரு மண்டி ஆளுங்களக் கூட்டியாறேன்னு சொல்லியிருந்தாருங்க. தறியப் பிரிச்சு, மூங்கிலு கட்டி, அகலமா நின்னு தோளு குடுத்தா ஒரு சாயங்காலத்துல ஊடு சேந்துரும். அப்பறம் பாவு கொண்டாறதுக்கு இந்த வரப்பே போதுமுங்க. முன்னால ஒருத்தரு, பின்னால ஒருத்தரு."

"பண்ணாடி பாத்தா?"

"பாப்பாருங்க. பாத்துப்போட்டு அந்தப்பக்கம் திரும்பிக்குவாரு. கேட்டாத்தானுங்க அவரு பதிலு சொல்லோணும்."

பொங்கலுக்கு முன்னால் சோளம் அறுப்பார்கள். இரண்டு மாதம் பொறுத்திருந்தால் தறி தானாக வீடு போய்ச் சேர்ந்திருக்கும். ஒருவரும் எதையும் கேட்டிருக்க மாட்டார்கள், ஒருவரும் எதையும் கொடுத்திருக்க மாட்டார்கள். நாங்கள் போய் அளவெல்லாம் சொல்லிக் கேட்டுவிட்டு வந்திருக்கிறோம்.

"இதை முதல்லயே எங்க அண்ணங்கிட்டச் சொல்லியிருக்கலாமே அக்கா?" என் குரல் கொஞ்சம் உயர்ந்துதான் போனது.

"எங்களுக்குன்னு அத்தன தூரத்துல இருந்து வந்திருக்கீங்க. வேண்டாம்னு எப்படிங்க சொல்றது?" என்றார் அக்கா. பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஒருவேளை அமைஞ்சு போச்சுன்னா நல்லதுதானுங்களே," என்றும் சேர்த்துக்கொண்டார். என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னாரா, உள்ளுக்குள் அவருக்கும் அந்த ஆசை இருந்ததா, எனக்கு இன்றும் தெரியாது.

நேராக அண்ணனிடம் போனேன். ஜெபவீட்டு வாசலில் உட்கார்ந்து கைக்கொப்புளத்துக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்தார். சொன்னேன். மூச்சு விடாமல் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். அந்தப் பொறுமையே எனக்கு எரிச்சல்.

"ஒளிஞ்சு மறைஞ்சு தூக்கிட்டுப் போகணும்னு அவங்களுக்கு என்னம்மா தலையெழுத்து? அவரு மனசாரச் சரின்னுட்டாரு. நாளைக்குப் பாவு வரும், துணி போகும், புள்ளைங்க பள்ளிக்கூடம் போகும். வழின்னு ஒண்ணு இருந்தா எல்லாத்துக்கும் ஆச்சு," என்றார்.

அவர் சொன்னதில் எதைத் தவறு என்பது. என்னால் எடுத்துச் சொல்லவும் முடியவில்லை. எங்கள் பக்கத்தில் வீடு தேடி வந்தவரிடம் இல்லை என்று சொல்வது கிடையாது; அதனால் சரி என்று சொன்னதை வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்யக் கூடாது. இதை நான் யாரிடமும் கற்கவில்லை. பிடிக்காத இடத்திலிருந்து பெண்பார்க்க வந்தவர்களுக்கும் அம்மா சிரித்த முகமாகப் பலகாரம் கொடுத்து அனுப்பிய விதத்தைப் பார்த்து வளர்ந்தவள், அவ்வளவுதான். அதை வெளியூர்க்காரருக்கு எப்படிப் புரியவைப்பது? "அவரு சிரிச்ச சிரிப்பு சரியில்லைங்கண்ணா," என்றேன். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். மோர் குடிக்கும்போது சரியாக இருந்ததா என்று ஒருத்தி கேட்டாள். எனக்கு அழுகை வந்தது. அழுதால் இன்னும் சிரிப்பார்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு போய்ப் படுத்துவிட்டேன்.

வேலை வேகமாக நடந்தது. தடம் நீண்டுகொண்டே போனது. எனக்கு அதைப் பார்க்கப் பார்க்கக் கலக்கம். ஆனால் என் பாட்டுக்கு உட்கார்ந்திருக்கவும் முடியவில்லை, எல்லோரும் சுமக்கும்போது நானும் சுமந்தேன். காலனிப் பிள்ளைகள் புதுத் தடத்தில் டயர் உருட்டி விளையாடினார்கள். அந்த அக்கா பகலில் களைவெட்டுக்குப் போய்விடுவார். எங்கள் தடத்தை ஒட்டிய பாத்தியிலேயே குனிந்து களை வெட்டிக்கொண்டிருப்பார், எங்கள் பக்கம் நிமிர்ந்து பார்க்காமல்.

ஒரு நாள் டிவிஎஸ் வண்டியில் ஒருவர் வந்தார். பண்ணாடியின் பங்காளி; பெரியப்பா மகன். காட்டில் அவருக்கும் பங்கு உண்டாம், இன்னும் பிரிக்கவில்லையாம். வண்டியை நிறுத்திவிட்டு, செருப்பைக் கழற்றாமல், எங்கள் தடத்தின் குறுக்கே அடிமேல் அடி வைத்து அகலத்தை அளந்து பார்த்தார். பிறகு எங்களிடம் வந்து, "எந்தக் காலேஜுங்க கண்ணு? சாப்பாடெல்லாம் சௌரியமுங்களா?" என்று விசாரித்தார். நாங்கள் சொன்னோம். "ரொம்ப சந்தோசமுங்க," என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். அவ்வளவுதான் பேச்சு. அன்று சாயங்காலம் நிலக்கடலை வரவில்லை.

மறுநாள் பண்ணாடியே வந்தார். தடம் ரோட்டைத் தொட இன்னும் கொஞ்சதூரம்தான் பாக்கி. நடுவில் ஒரு வாய்க்கால், அதற்கு ஒரு குழாய் போட்டு மண் தள்ள வேண்டும். "அந்த எடத்த மட்டும் கொஞ்சம் பொறுங்க தம்பி. பங்காளிகிட்ட ஒரு வார்த்த கலந்துக்கறேன்," என்றார். அண்ணன் பங்காளியைத் தானே பார்த்துப் பேசுவதாகச் சொன்னார். "உங்களுக்கு எதுக்குங்க சிரமம்," என்றார் பண்ணாடி. அண்ணன் விடாமல் பங்காளி வீட்டுக்கு இரண்டு முறை போனார். ஒரு முறை அவர் சந்தைக்குப் போயிருந்தார். இன்னொரு முறை இப்போதுதான் வெளியே போனார் என்றார்கள். டிவிஎஸ் வண்டி வாசலில்தான் நின்றது. இரண்டு முறையும் காப்பி கொடுத்து அனுப்பினார்கள்.

நாங்கள் ஊருக்குத் திரும்ப வேண்டிய நாள் காலையில் டிராக்டர் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் டிரெய்லர் நிறையக் கல்தூண்கள். அந்தப் பக்கத்தில் வேலி போட நடுகிற, ஆள் உயரத்துக் கருங்கல் தூண்கள். கூடவே முள்கம்பிச் சுருள். பண்ணாடி வரப்பில் நின்று, தடத்துக்குக் குறுக்கே வேலி ஓடும்படி ஆட்களுக்கு இடம் காட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் அவரே எதிரே வந்தார். முகத்தில் வருத்தம் இருந்தது. அது நடிப்பில்லை என்றுதான் எனக்குத் தோன்றியது, அதனால்தான் கோபம் இன்னும் அதிகமாயிற்று.

"தப்பா நெனச்சுக்காதீங்க தம்பி. வரப்பா இருந்தவரைக்கும் யாரு நடந்தாலும் ஒண்ணுமில்லீங்க. இப்ப தடம்னு ஆயிப்போச்சு. நாளைக்குப் பங்கு பிரிக்கையில, இங்க பொதுத்தடம் இருக்குதுன்னு எவனாவது சொன்னா எங்க வம்சத்துக்கும் கோர்ட்டுதான். பங்காளி ஒத்தக்கால்ல நிக்கறான்."

"நீங்கதானே சரின்னு சொன்னீங்க?" என்றார் அண்ணன்.

"ஊடு தேடி வந்து கேட்டீங்க. இல்லீன்னு எப்படிங்க தம்பி சொல்றது?"

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் சொன்னேனே என்று சொல்லிக்காட்ட வேண்டும் என்று அத்தனை நாளாக நாக்கு துடித்துக்கொண்டிருந்தது. அந்த முகத்தைப் பார்த்ததும் ஒன்றும் வரவில்லை.

தாலுகா ஆபீசுக்குப் போகலாம், மனுக் கொடுக்கலாம் என்று எங்கள் பையன்கள் கொதித்தார்கள். காலனி ஆண்கள் ஜெபவீட்டு முன்னால் கூடினார்கள். அவர்களில் மூத்தவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுச் சொன்னார், "வேண்டாமுங்க. நீங்க மத்தியானம் பஸ் ஏறிருவீங்க. எங்களுக்கு அறுவடைக்குக் கூப்பிட ஒரு வாய் வேணுமல்லங்க." அண்ணன் ஜெபம் பண்ணுவோம் என்றார். ஜெபம் பண்ணினோம். டிராக்டர் சத்தத்தில் அவர் சொன்னது பாதி கேட்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் பண்ணாடியின் ஆள் ஒருவர் வந்து, தயங்கித் தயங்கி நின்றார். குழி தோண்டக் கடப்பாரை பத்தவில்லையாம், எங்களுடையது சும்மாதானே கிடக்கிறது, மத்தியானம் வரைக்கும் கொடுத்தால் தேவலை என்று பண்ணாடி கேட்டுவரச் சொன்னாராம். நான் அண்ணனையே பார்த்தேன். இதற்காவது இல்லை என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் வாயைத் திறந்தார், மூடினார். "எடுத்துக்கச் சொல்லுங்க," என்றார். அந்த ஊர்த் தண்ணீர் ஒரே வாரத்தில் அவருக்கும் ஒத்துக்கொண்டுவிட்டது.

குழி தோண்ட வந்த கூலியாட்கள் யார் என்றால் காலனி சனங்கள்தான். களைவெட்டுக்கு வருகிற அதே ஆட்களை அன்றைக்கு வேலிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அந்த அக்காவும் அதில் இருந்தார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, நாங்கள் இறுக்கிய செம்மண்ணில் கடப்பாரையைப் போட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் குத்தியபோது இறங்காத கடப்பாரை அவர் கையில் நேராக இறங்கியது.

தறி என்ன ஆயிற்று என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், கடைசியில் சொல்ல எனக்கு மனசில்லை. பொங்கல் வந்தது, சோளம் அறுத்தார்கள், காடு வெறுங்காடாகத்தான் கிடந்தது. ஆனால் வேலி இருந்தது. அதன்மேல் தூக்கிக் கொண்டுபோயிருக்கலாம்தான். முள்கம்பியைத் தாண்டி அப்படித் தூக்கினால் அது களவாடுகிற மாதிரி ஆகிவிடும் என்று அக்கா மறுத்துவிட்டாராம். பாவு தருவதாகச் சொன்ன தறிக்காரர் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார். அடுத்த மழைக்கு முன்னால் தறியைப் பழைய இரும்புக்கு உடைத்து எடுத்துக்கொண்டு போனார்கள் என்று, ஜெபவீட்டில் ஆராதனை நடத்தப் போய்வரும் உபதேசியார் எங்கள் சபைக்கு வந்தபோது சொன்னார். அண்ணன் அன்று ஆராதனை முடியும்முன்பே எழுந்து போய்விட்டார்.

அந்தக் காலைக்குத் திரும்புகிறேன். பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. மற்றவர்கள் மூட்டை கட்டப் போய்விட்டார்கள். எனக்கு அங்கே இருக்கவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை. வரப்பிலேயே நின்றேன். பண்ணாடி வேலியில் ஒரு கடவு விடச் சொல்லியிருந்தார். இரண்டு கல்லுக்கு நடுவே, உடம்பை ஒருபக்கமாகத் திருப்பிக்கொண்டு நுழைகிற சந்து அது; ஆள் போகலாம், மாடு போக முடியாது. "நடக்கற சனம் நடக்கட்டும். அதுக்கு நான் என்னைக்குமே தடை சொன்னதில்லீங்க கண்ணு," என்று என்னிடம் சொல்லிவிட்டு, அவர் ரோட்டுப் பக்கம் வேலையைப் பார்க்கப் போனார்.

கடவின் முதல் கல் ஏற்கெனவே நட்டாயிற்று. இரண்டாவது கல்லுக்கு அந்த அக்காதான் குழி தோண்டிக்கொண்டிருந்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, கடப்பாரையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டு, குழியின் அந்தப்பக்க ஓரத்தைப் பறித்தார். மறுபடியும் பார்த்தார், மறுபடியும் பறித்தார். எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. கடவை அகலமாக்கப் பார்க்கிறார். தறியைப் பிரித்தால் அதில் பெரிய உருப்படி பக்கவாட்டுச் சட்டம்தான். இரண்டு பேர் முன்னும் பின்னுமாகத் தூக்கினால், இன்னும் ஒரு சாண் இருந்தால் நுழைந்துவிடும்.

"அம்மணி, கல்லக் கொஞ்சம் புடிக்கிறீங்களா?" என்றார், என்னைப் பார்க்காமல்.

நான் ஓடிப்போய்ப் பிடித்தேன். இரண்டு பேருமாக அந்தக் கல்லைப் புரட்டி, நிமிர்த்தி, குழியின் அந்தப்பக்க ஓரத்தோடு ஓரமாக இறக்கினோம். என் விரல் நசுங்கப் பார்த்தது. அக்கா மண்ணை அவசர அவசரமாகக் கையாலேயே தள்ளினார். அந்த ஒரு வாரத்தில் நான் சந்தோஷமாகச் செய்த வேலை அது ஒன்றுதான்.

கம்பி கட்டும் மேஸ்திரி கையில் ஒரு மூங்கில் குச்சியோடு வந்தார். கடவுக்கு நடுவே குச்சியை வைத்துப் பார்த்தார். குச்சி எட்டவில்லை. அவர் அக்காவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அதட்டுவார் என்று நினைத்தேன். அதட்டியிருந்தால் எனக்குச் சண்டை போடவாவது ஒரு வழி கிடைத்திருக்கும்.

"தள்ளிப்போச்சுங்களே," என்றார் மெதுவாக. "கொஞ்சம் இந்தப்பக்கம் நகத்திருங்க. பண்ணாடி வந்து பாத்தா என்னையத்தானுங்க கேப்பாரு."

குச்சியைத் தரையில் குத்தி நிறுத்திவிட்டு, அங்கேயே நின்றார். நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். "விடுங்க அம்மணி," என்றார் அக்கா. தள்ளிய மண்ணைத் திரும்ப வாரி வெளியே போட்டார். கல்லைச் சாய்த்து, குச்சி காட்டிய இடத்துக்கு நகர்த்தினோம். மேஸ்திரி ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கல் நேராக இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது.

"நல்லா மிதிச்சு உட்ருங்க, ஆடக்கூடாது," என்றார்.

அக்கா மண்ணைத் தள்ளினார். நான் மிதித்தேன்.